மருந்து செய்கிறவர் மனசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கஷாயம் வைப்பவர்கள், தலைக்கு எண்ணெய் காய்ச்சுபவர்கள், சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பட்டம் பெற்ற மருத்துவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில், மருந்தரைக்கும் கல்வத்தோடும் உரலோடும் வாழ்ந்த ஆச்சியின் வீட்டில் வளர்ந்தவள். பிறகு வாசிப்பிலும் சித்த மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது கொஞ்சம். அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்தால் மருந்தின் வீரியம் கூடுமா?

எண்ணம் மட்டும் தனியாகச் சட்டிக்குள் இறங்கிக் கஷாயத்தை மாற்றும் என்று நான் நம்பவில்லை. அப்படிக் காட்டிய சோதனை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் எண்ணம் கையை மாற்றும். அதை அடுப்படியில் தினமும் பார்க்கலாம்.

நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்வோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என 9 சரக்கு. ஒரு வேளைக்கு 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 50 மில்லியாக வற்றவைத்து வடிகட்டுவார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டு நிற்கிறவர் சட்டியை விட்டு நகர மாட்டார். சீரியல் பார்த்துக்கொண்டே வைக்கிறவர், கொதி வந்ததும் ‘போதும்’ என்று 100 மில்லியிலேயே இறக்கி, அதில் 50 மில்லியை ஊற்றிக் கொடுப்பார். பிள்ளைக்குப் போய்ச் சேருவது பாதி மருந்து. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் ‘பாசம்’ என்று சொன்னாலும் சரி, ‘அளவு’ என்று சொன்னாலும் சரி.

அப்படியென்றால் மூலிகை பறிக்குமுன் செய்கிற சாப நிவர்த்தி, காப்புக் கட்டுதல் எல்லாம் வீண் வேலையா?

வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆச்சி ஒரு வேர் எடுக்க வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலமே போய்விடுவாள். செடியைச் சுற்றிப் புல்லைக் களைந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மஞ்சள் நூலைத் தண்டில் கட்டுவாள். அதுதான் காப்பு. மறுநாள் விடியுமுன் குளித்துவிட்டு மறுபடி போவாள். செடியின் முன் உட்கார்ந்து முணுமுணுப்பாள். மூலிகையை விளித்து ‘உன் உயிர் உன் உடலில் நிற்க’ என்று கேட்டுக்கொள்கிற மந்திரம்தான் அது. ஊருக்கு ஊர் சொற்கள் கொஞ்சம் மாறும். அப்புறம் நகம் படாமல், இரும்பு படாமல், கூர்தீட்டிய குச்சியால் மண்ணைக் கிளறி, ஆணிவேர் அறுந்துவிடாமல் எடுப்பாள். எடுத்த குழியை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

சின்ன வயதில் எனக்கு இது பூசை மாதிரித் தெரிந்தது. இப்போது யோசித்தால் வேறு விஷயங்களும் கண்ணில் படுகின்றன. செடியை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தாயிற்று. மறுநாள் இன்னொரு முறை. நூல் கட்டிய செடி என்பதால் அரையிருட்டிலும் ஆள் மாறாது. ஒரு செடிக்கு இத்தனை பாடுபடுகிறவள் ஒரு புதரையே வெட்டிக்கொண்டு வர மாட்டாள்; தேவையானதை மட்டும்தான் எடுப்பாள். குச்சியால் கிளறுவதால் வேர் நசுங்காது, பாதி மண்ணிலேயே நின்றுபோகாது.

இதற்காகத்தான் முன்னோர்கள் மந்திரத்தை வைத்தார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆச்சியிடம் கேட்டிருந்தால் ‘செடிக்கும் உசுரு இருக்குல்லா’ என்பதோடு முடித்திருப்பாள். அவள் செய்ததன் விளைவைத்தான் நான் சொல்கிறேன்.

மூலிகைக்குச் சாபம் என்றால் என்ன?

சித்தர் மரபில் மூலிகைகளுக்குத் தெய்வங்களும் முனிவர்களும் இட்ட சாபம் உண்டு, அதை நீக்காமல் பறித்தால் மருந்து பலிக்காது என்பது நம்பிக்கை. அதை நீக்கும் சடங்குதான் சாப நிவர்த்தி. நம்பிக்கை உள்ளவர் செய்யட்டும். செய்யாமல் பறித்த துளசியைப் போட்டால் கஷாயம் கெட்டுப்போகுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

நம் ஊரில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் மூலிகை எடுப்பவன் தூய்மையாக, வெள்ளுடை உடுத்தி, உண்ணாமல் இருந்து, தெய்வத்தை வணங்கிவிட்டுக் கிழக்கோ வடக்கோ பார்த்து எடுக்க வேண்டும் என்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் கிரேக்கத்தில் இருக்கிறது. அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவருடைய பள்ளியை நடத்திய தியோஃப்ராஸ்டஸ், சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் செடிகளைப் பற்றி விரிவாக எழுதியவர். வேர் தோண்டி விற்கும் ஆட்கள் சொல்லும் விதிகளை அவர் வரிசையாகக் குறித்துவைத்தார். ஒரு காரமான வேரை எடுக்கும்போது உடம்பில் எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும், காற்று தன் பக்கமிருந்து செடியின் பக்கம் வீசும்படி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வீங்கும் என்றார்கள். இது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறார். மாண்ட்ரேக் என்ற செடியின் வேரைச் சுற்றிக் கத்தியால் மூன்று வட்டம் போட்டு, மேற்கே பார்த்து வெட்ட வேண்டும், இன்னொருவர் காதல் பேச்சு பேசிக்கொண்டே சுற்றி ஆட வேண்டும் என்றும் சொன்னார்கள். இது ஒட்டவைத்த கதை என்கிறார்.

அவர் செய்த அந்தப் பிரிப்பைத்தான் நாமும் செய்ய வேண்டும். ஒவ்வொரு விதியாக எடுத்து, இது எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்க வேண்டும். மொத்தமாகக் கும்பிடுவதும் மொத்தமாகத் தூக்கிப் போடுவதும் யோசிக்காமல் இருப்பதற்கான இரண்டு வழிகள்.

கோபத்தில் செய்த மருந்து விஷமாகிவிடும் என்கிறார்களே?

விஷமாகாது. ஆனால் கோபம் மருந்தைக் கெடுத்ததை நானே பார்த்திருக்கிறேன், ஏனென்றால் கெடுத்தது நான்தான்.

கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இலைச்சாற்றைப் பிழிந்து எண்ணெயில் விட்டுச் சிறு தீயில் வைத்தால், முதலில் சளசளவென்று நுரைக்கும். நேரம் போகப் போகச் சத்தம் அடங்கி, அடியில் வண்டல் படியும். அந்த வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகுபோலத் திரள வேண்டும். ஆச்சி இதோடு நிற்க மாட்டாள். ஒரு துணித்திரியை எண்ணெயில் நனைத்து விளக்கில் காட்டிக் காதைக் கொண்டுபோவாள். ‘ஏட்டி, சடசடங்குது கேக்கியா? இன்னும் தண்ணி கிடக்கு’ என்பாள். சத்தமில்லாமல் எரிந்தால்தான் இறக்குவாள்.

அன்றைக்கு எனக்கு வேலை விஷயமாக ஒருவரோடு போனில் வாக்குவாதம். ஒரு கையில் போன், மறு கையில் கரண்டி. தீயைக் கூட்டிவிட்டேன். மேலே நுரை அடங்கியது போலத் தெரிந்ததும் உருட்டியும் பார்க்கவில்லை, திரியும் கொளுத்தவில்லை. இறக்கி, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றினேன். மூன்றாவது வாரம் திறந்தபோது மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்தது, எண்ணெயில் புளித்த வாடை. முழுதாக ஒரு லிட்டர். என் கோபம் எண்ணெய்க்குள் போகவில்லை. போகாமல் நின்றது தண்ணீர்தான்.

அப்போது ‘நல்ல மனசு’ என்பது கவனம் மட்டும்தானா?

பெரும்பாலும் கவனம். கொஞ்சம் நேர்மையும்.

‘கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு’ என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. கடுக்காயில் உள்ளே இருக்கும் கொட்டையை நீக்க வேண்டும். சுக்கில் மேல்தோலைச் சீவ வேண்டும். இதையெல்லாம் மருந்துச் சரக்கைச் சுத்தி செய்வது என்பார்கள். பொடி செய்து சலித்தபின் நீங்கள் கொட்டையை நீக்கினீர்களா இல்லையா என்று வெறும் கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கொட்டையோடு அரைத்தால் எடை கூடும். யாரும் பார்க்காத அந்த இடத்தில்தான் செய்கிறவரின் மனசு தெரியும்.

கடுக்காயில் விட்டால் பெரிய சேதமில்லை. சில சரக்குகளில் அப்படி இல்லை. சேங்கொட்டையின் பால் பட்டாலே தோல் கொப்பளிக்கும். அந்தக் கொட்டையின் மூக்குப் பகுதியை வெட்டிச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கவே கூடாது. நேர்வாளத்தைச் சுத்தி செய்யாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஆளையே சாய்த்துவிடும். நாபி என்ற நச்சுக்கிழங்கு இதயத் துடிப்பைக் குலைக்கும். எட்டிக்கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்ற கடும் நஞ்சு. இவையெல்லாம் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கான சட்டத்தில் நச்சுச் சரக்குப் பட்டியலில் இருப்பவை. வீட்டில் எவ்வளவு பக்தியோடும் இவற்றைத் தொடக்கூடாது. இது என் கண்டிப்பான கருத்து.

செடியை அடையாளம் காண்பதில் உள்ளுணர்வு உதவுமா?

உதவாது. இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் உதவும். கீழாநெல்லியில் காய்கள் இலைக்காம்பின் அடிப்பக்கம் வரிசையாகத் தொங்கும். அதைப் பார்க்காமல் பறிக்க ஆச்சி விட்டதில்லை. 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வேறு சீந்தில் இனத்தோடு குழம்பியிருக்கலாம் என்றது. எந்தப் பக்கம் சரியாக இருந்தாலும், அந்த ஆறு பேரும் நல்ல நம்பிக்கையோடுதான் குடித்திருப்பார்கள்.

‘கைராசி’ என்று ஒன்று உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். அது கையில் இல்லாமல் கொடுக்கிற விதத்தில் இருக்கலாம்.

2008இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்ட்சக்கும் அவருடைய குழுவினரும் குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரைச் சும்மா காத்திருக்க வைத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தோலைத் துளைக்காத போலி அக்குபஞ்சர் ஊசியை, அதிகம் பேசாமல் போட்டார்கள். மூன்றாவது பகுதியினருக்கும் அதே போலி ஊசிதான், ஆனால் போட்டவர் உட்கார்ந்து விசாரித்தார், காதுகொடுத்துக் கேட்டார், ஆறுதல் சொன்னார். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். மருந்தே இல்லாத இடத்தில், பேச்சு மட்டும் 44ஐ 62 ஆக்கியிருக்கிறது. கைராசிக்காரர் என்று ஊர் சொல்கிற வைத்தியரைக் கவனித்துப் பாருங்கள், அவர் வீட்டுத் திண்ணையில் அவசரப்படுகிற ஆள் இருக்க மாட்டார்.

திருக்குறளின் 950ஆவது குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நான்காவது ஆளுக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள், மருந்தைப் ‘பிழையாமல் இயற்றுவான்’. மருந்து செய்கிறவரை வைத்தியருக்குச் சமமாக வரிசையில் உட்காரவைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். அன்போடு, பக்தியோடு என்றெல்லாம் அவர் எழுதியிருக்கலாம். பிழையாமல் என்றுதான் எழுதினார்.

நம்பிக்கையே குணப்படுத்தும் என்றால் மருந்து எதற்கு?

நம்பிக்கை எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதே கேப்ட்சக் குழு 2010இல் 80 பேரை வைத்து இன்னொரு சோதனை செய்தது. ஒரு பிரிவினரிடம் ‘இதில் மருந்து எதுவும் இல்லை, வெறும் மாத்திரை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே கொடுத்தார்கள். அப்படியும் 59 சதவீதம் பேர் நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை வாங்காதவர்களில் 35 சதவீதம். வலி, குமட்டல், வயிற்று உபாதை, தூக்கம் போன்றவற்றில் இது பேசும். கட்டியைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது.

மலேரியாவையே பாருங்கள். சீனாவில் து யூயூ 1970களின் தொடக்கத்தில் ஒரு மாசிப்பத்திரி இனத்தை ஆராய்ந்தார். வழக்கமான சூட்டில் எடுத்த சாரம் சரியாக வேலை செய்யவில்லை. பழைய சீன நூல் ஒன்றைப் புரட்டியபோது, அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறதோ என்று யோசித்துக் குறைந்த வெப்பத்தில் எடுத்துப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015இல் நோபல் பரிசும் வந்தது. செய்முறையில் ஒரு வரியைக் கவனித்து வாசித்ததில் எத்தனை உயிர் பிழைத்திருக்கிறது.

தூரத்திலிருந்து பிரார்த்தனை செய்து மருந்து அனுப்பினால்?

பிரார்த்தனை செய்யுங்கள், தடுக்க நான் யார். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்து 2006இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. தமக்காக யாரோ பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லப்பட்ட இரண்டு பிரிவினருக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தன: பிரார்த்தனை நடந்த பிரிவில் 52, நடக்காத பிரிவில் 51 சதவீதம். உறுதியாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு 59 சதவீதம். ‘நமக்கு ஜெபம் பண்ணுகிற அளவுக்கு நிலைமை மோசமா?’ என்ற பயமாக இருக்கலாம் என்று பலர் யோசித்தார்கள்.

தண்ணீரிடம் நல்ல வார்த்தை சொன்னால் அதன் அமைப்பு மாறும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

ஜப்பானியரான மசாரு எமோட்டோ வெளியிட்ட பனிப்படிகப் படங்கள்தான் அவை. அழகான படங்கள். ஒரே தண்ணீரிலிருந்து நூறு விதப் படிகம் வரும், அதில் எதைக் காட்டுவது என்பதைப் படம் எடுப்பவர் முடிவு செய்கிறார். கஷாயத் தண்ணீர் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது.

மருந்து அரைக்கும்போது பேசக்கூடாதா?

பேசாமல் இருப்பது நல்லது. எச்சில் தெறிக்காது, எண்ணிக்கை தப்பாது. சில மருந்துகளுக்குச் சாமக் கணக்கில் அரைக்கச் சொல்வார்கள். ஒரு சாமம் என்பது 3 மணி நேரம். நான்கு சாமம் என்றால் 12 மணி நேரம் கல்வத்தில் உட்கார வேண்டும். புடம் போட்டு எடுக்கும் சாம்பல் போன்ற பொடிதான் பற்பம்; அது பதமாகிவிட்டதா என்று விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். ரேகைக்குள் பதிய வேண்டும், தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும். மனசு ஓரிடத்தில் நிற்காதவரால் இந்த வேலை ஆகாது. இதில் ஜெபம் சொல்லிக்கொண்டே அரைப்பவர்கள் உண்டு. சீரான வேகம் கிடைக்கிறது என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். அவருக்கு அது கடிகாரம்.

மாதவிடாய் நாட்களில் பெண்கள் மருந்து செய்யக்கூடாதா?

செய்யலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது எல்லா நாளுக்கும் எல்லாருக்கும் பொருந்தும். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியம் முழுக்கப் பெண்கள் கையால் கிண்டியதுதான். அதை யாரும் தள்ளிவைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்பது உண்மையா?

கிராமங்களில் மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறவர்கள் பலர் இன்னும் காசு வாங்குவதில்லை. வெற்றிலை பாக்கு வைத்து ஏதோ தட்சணை, அவ்வளவுதான். பேராசையைத் தடுக்கிற வேலியாக இதை மதிக்கிறேன். விற்கிற பொருளென்று ஆனதும் கடுக்காய்க்கொட்டை பொடிக்குள் வந்துவிடும் என்ற பயம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. காசு வாங்காததாலேயே கேள்வி கேட்க முடியாமல் போகிறது. ‘தர்மத்துக்குக் கொடுக்கிறார், அவரைப் போய் என்ன சரக்கு என்று கேட்பதா?’ கேளுங்கள். காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. எந்த வகைக் காமாலை என்று தெரியாமல் எந்தப் பச்சிலையும் குடிக்காதீர்கள்.

மூலிகை பெயரை வெளியே சொன்னால் வீரியம் போய்விடுமா?

சொல்லாததால் போனதுதான் அதிகம். பக்கத்து ஊரில் எலும்பு முறிவுக்குப் பத்துப் போடுகிற ஒருவர் பெயர் சொல்லாமலே இறந்துபோனார். மகனுக்கு இலையின் வாசனை மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன், இந்த நட்சத்திரம் என்றெல்லாம் பார்க்க வேண்டுமா?

கிழமைக்கும் நட்சத்திரத்துக்கும் நானாக ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். பருவம் பார்ப்பது வேறு. இலை என்றால் பூக்குமுன், வேர் என்றால் இலை உதிர்ந்தபின் என்று எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது; செடி தன் சத்தை எங்கே வைத்திருக்கிறதோ அங்கே எடுக்கிறோம்.

இடமும் முக்கியமாக இருக்கலாம். 1988இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்திருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்து, 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. செடி விளைந்த மண்ணா, எடுத்த காலமா, பக்குவமா, அல்லது முதல் முடிவே தற்செயலா என்று விவாதம் நீண்டது. ‘அங்கே பக்தியில்லாமல் செய்தார்கள்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எதையும் தேட வேண்டியதில்லை, அதுதான் அந்தப் பதிலில் எனக்குப் பிடிக்காதது.

கம்பெனி மருந்தில் மனசே கிடையாதே, இயந்திரம்தானே?

இயந்திரத்துக்கு மனசு இல்லை, ஆனால் பதிவேடு உண்டு. எந்தச் சரக்கு, எந்தத் தேதி, எத்தனை கிலோ, யார் சோதித்தார் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களுக்கான விதி. ஆச்சியின் மனப்பாடம் செய்த வேலையைத்தான் அந்த நோட்டு செய்கிறது. உரிம எண்ணும் தேதியும் இல்லாத பாட்டிலை, ‘மலையில் சித்தர் ஆசியோடு செய்தது’ என்று விற்றால் வாங்காதீர்கள்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே ‘மாய நிவாரணம்’ என்ற விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக அவற்றை விளம்பரம் செய்வது குற்றம். உங்கள் பூசையறையில் நீங்கள் மந்திரம் சொல்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை.

சரி, மருந்து செய்ய உட்காருமுன் நான் என்ன செய்யலாம்?

நான் செய்வதைச் சொல்கிறேன். போனை வேறு அறையில் வைத்துவிடுவேன், அந்த ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பிறகு வந்த பழக்கம். சரக்குகளை ஒரு தாம்பாளத்தில் தனித்தனிக் குவியலாக வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். ஒன்று குறைந்தாலும் நாக்கு தடுக்கும். யாருக்காகச் செய்கிறேனோ அவர் வயது, எடை, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கர்ப்பமா என்று ஒரு தாளில் எழுதுவேன். பிறகு விளக்கேற்றிக் கும்பிடுவேன். ஆச்சியின் நினைவுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாத நாளிலும் மனசு ரொம்பக் கலங்கிய நாளிலும் செய்வதில்லை. கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

‘பாசத்தோடு செய்தது கெட்டுப்போகாது’ என்று மாமியார் போன வருஷத்துச் சூரணத்தைக் கொடுக்கிறார். சாப்பிடலாமா?

வேண்டாம். சித்த மருத்துவத்திலேயே ஆயுள் கணக்கு இருக்கிறது: சாறு, குடிநீர் (கஷாயம்), கற்கம் (அரைத்த விழுது) 3 மணி நேரம், சூரணம் 3 மாதம், நெய், இளகம் 6 மாதம், எண்ணெய் ஒரு வருஷம். காலையில் வைத்த கஷாயத்தைச் சாயங்காலம் சூடாக்கிக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் தவறு.

மாமியாரிடம் நேராகச் சொன்னால் வருத்தப்படுவார். அடுத்த முறை அவர் இடிக்கும்போது கூட உட்கார்ந்து சலித்துக் கொடுங்கள். பாட்டிலில் போடும்போது தேதியை நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள், ‘அத்தை, உங்கள் கையெழுத்தும் போடுங்கள்’ என்று பேனாவை நீட்டுங்கள்.